லாரி மென்பொருளில் இருந்து ஆஸ்பத்திரி மென்பொருளுக்கு: ஐந்து கதவுகள், ஒரு முடிவு

நியூஜெர்சியில் இருக்கும் நண்பருக்கு வயது 46. இருபத்திரண்டு வருடமாக மென்பொருள்தான் பிழைப்பு. கடைசி ஏழு வருடம் சரக்குப் போக்குவரத்துக்கு மென்பொருள் செய்யும் ஒரு கம்பெனியில் வைஸ் பிரசிடெண்ட். போன மாதம் கூப்பிட்டு, "அண்ணே, ஹெல்த்கேர் பக்கம் போயிடலாம்னு இருக்கேன். லாரி எங்க நிக்குதுன்னு பார்த்துப் பார்த்து அலுத்துப் போச்சு" என்றார். கையில் இரண்டு வேலை அழைப்புகள், விசாரிப்பில் இன்னும் மூன்று. பதினோரு வருடத்துக்கு முன்னால் நானும் இதே மாதிரி துறை மாறியவன் என்பதால் என்னிடம் கேட்டார். போனில் சொன்னதெல்லாம் அரைகுறை. அதனால் உட்கார்ந்து எழுதினேன்.

சம்பளம், பங்கு, ஊர், பதவி என்று நான்கு கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்து ஒரு எக்செல் அனுப்பியிருந்தார். நல்ல எக்செல். ஆனால் இந்தத் துறைக்கே உரிய ஒரு கட்டம் அதில் இல்லை. அதைச் சொல்ல என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் வந்த புதிதில் ஒரு மருத்துவமனையின் நான்காவது மாடியில், இரவு ஷிப்டில், ஒரு நர்ஸின் பின்னாலேயே பன்னிரண்டு மணி நேரம் நடந்தேன். எங்கள் மென்பொருளில் மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் கைப்பட்டையில் இருக்கும் பார்கோடை ஸ்கேன் செய்ய வேண்டும். ஒருவர் மருந்து இன்னொருவருக்குப் போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. டெமோவில் கைதட்டல் வாங்கிய விஷயம் அது. மாடியில் நடந்தது வேறு. சக்கரம் வைத்த கம்ப்யூட்டர் மேஜையின் பேட்டரி சீக்கிரம் உட்கார்ந்துவிடும் என்பதால் அதைச் சுவரில் செருகி, வராந்தாவிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். ஸ்கேனர் வயர் படுக்கை வரை எட்டாது. அதனால் ஒவ்வொரு நோயாளிக்கும் இன்னொரு கைப்பட்டையை அச்சடித்து மேஜை ஓரத்தில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தார்கள். நின்ற இடத்திலேயே 'பீப்', 'பீப்'. எங்கள் மாத அறிக்கையில் ஸ்கேன் விகிதம் கிட்டத்தட்ட நூறு சதவீதம்! ரத்த அழுத்த எண்களைக் கையுறையின் பின்பக்கம் பேனாவால் எழுதிக்கொண்டு வந்து, விடியற்காலையில் உட்கார்ந்து ஏற்றினார் அந்த அம்மா. அவர் மீது தப்பில்லை. வயர் எவ்வளவு நீளம் என்று யாரும் அளக்கவில்லை. அளந்திருக்க வேண்டியவன் நான்.

லாரி மென்பொருள் பிடிக்கவில்லை என்றால் வாடிக்கையாளர் அடுத்த வருடம் வேறு கம்பெனிக்குப் போவார். இங்கே பணம் கட்டுவது நிர்வாகம், திரையைத் தொடுவது நர்ஸ், கோளாறு வந்தால் அனுபவிப்பது படுக்கையில் இருப்பவர். மூவரும் ஒரே அறையில் உட்காருவதே இல்லை. அதனால் நண்பரின் எக்செலில் நான் சேர்க்கச் சொன்ன கட்டம் இதுதான்: வயர் குட்டை என்ற செய்தி இந்த வேலையில் உங்கள் காதுக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகும்?

பதிவேட்டு ராட்சதர்கள்

கையில் இருக்கும் முதல் அழைப்பு, மின்னணு மருத்துவப் பதிவேடு விற்கும் பெரிய நிறுவனம் ஒன்றில் இருந்து. சம்பளம் இங்கேதான் நிறைவு, பெயருக்கும் மதிப்பு. ஆனால் சேரும் முன் இந்த உலகத்தின் வயதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாஸ்டனில் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிடலில் 1966-67 வாக்கில் நீல் பப்பலார்டோவும் கூட்டாளிகளும் மருத்துவப் பதிவுகளுக்கென்றே மம்ப்ஸ் என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். 1979-இல் ஜூடி ஃபாக்னர், விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தொடங்கிய சின்னக் கம்பெனி அந்த மொழியின் மேல்தான் எழுந்தது. அதுதான் இன்றைய எபிக். வெளி முதலீட்டாளர் பணம் வாங்கவில்லை, பங்குச் சந்தைக்கும் போகவில்லை. 2016-இல் அதே மாசசூசெட்ஸ் ஜெனரல், எபிக் மென்பொருளுக்கு மாறியது. அந்த மருத்துவமனைக் குழுமம் முழுக்க மாற்றும் திட்டத்துக்கு ஆன செலவு சுமார் 120 கோடி டாலர். தன் வீட்டில் பிறந்த பிள்ளையை அரை நூற்றாண்டு கழித்து அந்த விலைக்குத் திரும்ப வீட்டுக்குக் கூட்டி வந்த மாதிரி. நேற்று வந்த ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்கைப் பற்றி இங்கே உற்சாகமாகப் பேசினால் மரியாதையாகச் சிரிப்பார்கள்.

எபிக்கில் 46 வயது வைஸ் பிரசிடெண்டுக்கு இடம் கிடைப்பதே அபூர்வம். பெரும்பாலும் கல்லூரியில் இருந்து நேரே எடுத்து, மேடிசன் பக்கத்தில் வெரோனா வளாகத்தில் வைத்தே வளர்ப்பார்கள். வெளியாட்களுக்குக் கதவு திறப்பது, செர்னர் என்ற இன்னொரு பதிவேட்டு நிறுவனத்தின் வழியில் வந்தவர்களிடம்தான். அதன் கதையும் 1979-இல்தான் தொடங்குகிறது. ஆர்தர் ஆண்டர்சன் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் வேலை பார்த்த நீல் பேட்டர்சனும் இரண்டு சகாக்களும் கன்சாஸ் சிட்டியில் லூஸ் பார்க் என்ற பூங்காவின் மேஜையில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். முதலில் செய்தது பரிசோதனைக் கூடத்துக்கான மென்பொருள். பிற்பாடு பேட்டர்சனின் மனைவி புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தபோது, ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி தன் மருத்துவக் காகிதங்களைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. நாட்டின் மிகப் பெரிய பதிவேட்டு நிறுவனங்களில் ஒன்றின் தலைவர் வீட்டிலேயே அந்தக் கதி. இதை அவரே பொதுவில் பேசியிருக்கிறார். செர்னரை ஆரக்கிள் 2022 ஜூனில் சுமார் 2,800 கோடி டாலருக்கு வாங்கியது; அதன் பிறகு ஆட்குறைப்பும் நடந்தது.

என் கட்டத்தில் இந்தக் கதவு எவ்வளவு மதிப்பெண் வாங்குகிறது? அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை 2018-இல் செர்னரோடு சுமார் 1,000 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. 2020 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலம் ஸ்போகேனில் உள்ள மருத்துவமனையில் செர்னர் மென்பொருள் முதலில் ஓட ஆரம்பித்தது. டாக்டர் ஒரு ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்பச் சொல்லி ஆணை போடுவார். போய்ச் சேர வேண்டிய இடம் அமைப்பில் பொருந்தவில்லை என்றால், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு வரிசையில் அது போய் விழுந்துவிடும். டாக்டருக்குத் தகவல் வராது. நோயாளி அழைப்புக்குக் காத்திருப்பார். இப்படி 11,000-க்கும் மேற்பட்ட ஆணைகள். துறையின் தணிக்கைத் தலைமை அலுவலகம் இதை அறிக்கையாக வெளியிட்டது 2022 ஜூலையில். 2023 ஏப்ரலில் மற்ற ஊர்களுக்கான விரிவாக்கத்தையே நிறுத்தி வைத்தார்கள். எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. படுக்கைக்கும் அவர்களுக்கும் நடுவில் திட்ட மேலாளர், பயிற்சியாளர், ஒப்பந்தக்காரர், டிக்கெட் எண் என்று அத்தனை அடுக்கு. நீங்கள் வைஸ் பிரசிடெண்ட் என்றால் இன்னும் இரண்டு அடுக்கு மேலே.

ஸ்டார்ட்அப்

இரண்டாவது அழைப்பு நாற்பது பேர் கொண்ட ஒரு ஸ்டார்ட்அப். வீட்டிலேயே வைத்து முதியவர்களைக் கண்காணிக்கும் கருவிகள் செய்கிறார்கள். பதவி பெரிது, சம்பளம் குறைவு, மீதி ஸ்டாக் ஆப்ஷன். நண்பர் மனம் இங்கேதான் சாய்ந்திருந்தது.

அவருக்கு நான் சொன்ன ஆள் க்ளென் டுல்மன். ஏனென்றால் அவர் தொடங்கிய இடமும் நண்பர் இருக்கும் இடமும் கிட்டத்தட்ட ஒன்று. 1983-இல் இருந்து பதினோரு வருடம் சி.சி.சி. என்ற நிறுவனத்தில், கார் காப்பீட்டு கிளெயிம்களுக்கான மென்பொருள். மருத்துவத்துக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. 1994-இல் என்டர்பிரைஸ் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்துக்குத் தலைவரானார். அது மருத்துவமனைகளின் சரக்கு, வளம் இவற்றை நிர்வகிக்கும் மென்பொருள். 1997-இல் ஆல்ஸ்கிரிப்ட்ஸ், அங்கேதான் மருந்துச் சீட்டை மின்னணுவாக்கும் வேலைக்கு வந்தார். பதினைந்து வருடம் தலைமை. கடைசியில் இயக்குநர் குழுவுக்குள் குழப்பம் வெடித்து 2012-இல் வெளியேறினார். பிறகு 2014-இல் லிவாங்கோ. சர்க்கரை நோயாளிகளுக்கு இணையத்தோடு இணைந்த சோதனைக் கருவி, கூடவே ஆலோசனை. அவருடைய மகனுக்கே டைப் 1 சர்க்கரை நோய். 2019-இல் பங்குச் சந்தை. 2020-இல், தூரத்தில் இருந்தே டாக்டரிடம் பேச வைக்கும் டெலடாக் நிறுவனம் அதை 1,850 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவிப்பு.

எல்லோரும் அந்த 1,850 கோடியோடு நிறுத்திக்கொள்வார்கள். 2022-இல் டெலடாக் காட்டிய நிகர நஷ்டம் சுமார் 1,370 கோடி டாலர். பெரும்பகுதி, கணக்கில் நற்பெயர் மதிப்பு என்று எழுதி வைத்திருந்ததைக் கழித்ததால் வந்தது. ஸ்டாக் ஆப்ஷன் கையில் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது. ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. டுல்மன் போன வரிசையைப் பாருங்கள்: கார் கிளெயிம், மருத்துவமனைச் சரக்கு, மருந்துச் சீட்டு, அப்புறம்தான் நோயாளி. கார் கிளெயிமை விட்ட பிறகும் நோயாளி பக்கம் வர இருபது வருடம். நண்பரோ லாரியில் இருந்து நேரே நோயாளியின் படுக்கையறைக்குள் குதிக்கப் பார்க்கிறார்.

ஒரேயடியாகக் குதித்தவர்களும் உண்டு. ஜொனதன் புஷ், டாட் பார்க் இருவரும் ஆலோசனை நிறுவன வேலையில் இருந்தவர்கள். 1997-இல் சான் டியாகோவில் பிரசவ மருத்துவமனை ஒன்றையே எடுத்து நடத்தினார்கள். பிரசவம் நன்றாகவே நடந்தது, காப்பீட்டுக் கம்பெனியிடம் இருந்து காசு வாங்குவதுதான் நடக்கவில்லை. அந்த பில்லிங் தலைவலிக்கு அவர்களே எழுதிக்கொண்ட மென்பொருள்தான் பிறகு அதீனாஹெல்த் ஆனது. 2007-இல் பங்குச் சந்தைக்கு வந்து, 2019-இல் 570 கோடி டாலருக்குக் கைமாறியது. என் கட்டத்தில் அவர்களுக்கு முழு மதிப்பெண். வயர் குட்டை என்றால் அன்றைக்கே தெரியும், ஏனென்றால் மேஜையும் அவர்களுடையது. நாற்பது பேர் ஸ்டார்ட்அப்பில் அப்படி இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நான் நண்பரைக் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்றே ஒன்று: "நாற்பது பேரில் எத்தனை பேர் நோயாளியைக் கையால் தொட்டு வேலை பார்த்தவர்கள்?" கேட்டார். ஒருவர். அவரும் வாரத்துக்கு ஒரு நாள் வரும் ஆலோசகர்.

வேண்டவே வேண்டாம் என்று சொன்னது

மூன்றாவது, பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தின் சுகாதாரப் பிரிவு. இதற்கு நீளமாக எழுதத் தேவையில்லை. நோயாளிகள் தங்கள் மருத்துவப் பதிவுகளைத் தாங்களே சேமித்து வைக்கும் கூகுள் ஹெல்த் 2008-இல் வந்து 2012 தொடக்கத்தில் மூடியது. மைக்ரோசாஃப்டின் ஹெல்த்வால்ட்டும் அதே மாதிரி, 2007 முதல் 2019 வரை. ஐ.பி.எம். தன் வாட்சன் ஹெல்த் பிரிவின் பெரும்பகுதியை 2022-இல் விற்றது. அமேசான், பெர்க்‌ஷயர் ஹாத்தவே, ஜே.பி. மார்கன் மூன்றும் சேர்ந்து தங்கள் ஊழியர்களின் மருத்துவச் செலவைக் குறைக்க 2018-இல் அறிவித்த ஹேவன், மூன்று வருடத்தில் கடையைக் கட்டியது. இவர்களுக்குச் சுகாதாரம் என்பது சைடு பிசினஸ். ஒரு மோசமான காலாண்டு வந்தால் முதலில் வெட்டு விழுவது அங்கேதான்.

அரசு

நான்காவது கதவைப் பற்றி இரண்டு வருடம் முன்பு கேட்டிருந்தால் உற்சாகமாகப் பேசியிருப்பேன். மேலே சொன்ன டாட் பார்க் 2009-இல் சுகாதாரத் துறையின் தொழில்நுட்பத் தலைவராகி, 2012-இல் வெள்ளை மாளிகைக்கே போனார். 2013 அக்டோபர் 1 அன்று, மக்கள் மருத்துவக் காப்பீடு வாங்குவதற்கான அரசு இணையதளம் ஹெல்த்கேர் டாட் கவ் திறந்தது. முதல் நாள் முழுசாகப் பதிவு செய்து முடித்தவர்கள் 6 பேர். ஆயிரம் இல்லை, நூறு இல்லை, ஆறு. அதைத் தூக்கி நிறுத்த வந்தவர்களில் முக்கியமானவர் கூகுளில் தளங்கள் விழாமல் பார்த்துக்கொண்டிருந்த மைக்கி டிக்கர்சன். மீட்டிங் அறைக்கு அவர் போட்ட விதிகள் இரண்டு எனக்கு மனப்பாடம். இந்த அறை பிரச்சினையைத் தீர்க்க, பழி போட அல்ல. பேச வேண்டியவர் விஷயம் தெரிந்தவர், பதவியில் பெரியவர் அல்ல. வைஸ் பிரசிடெண்டாக ஏழு வருடம் இருந்தவருக்கு இரண்டாவது விதி கொஞ்சம் கசக்கும். 2014-இல் டிக்கர்சன் தலைமையில் அமெரிக்க டிஜிட்டல் சேவை என்ற அமைப்பு உருவானது. 2025 ஜனவரியில் அதன் பெயரையே மாற்றி வேறு காரியத்துக்குத் திருப்பிவிட்டார்கள். வீட்டுக்கடன் கட்டுபவர் இப்போதைக்கு இந்தக் கதவில் சாய்ந்து நிற்க வேண்டாம்.

இடையில் நண்பரின் மனைவி ஒரு கேள்வி கேட்டார்: "சென்னைக்கே வந்துட்டா என்ன?" நியாயமான கேள்விதான். அமெரிக்க மருத்துவ பில் வேலையில் ஒரு பகுதி நம் ஊரில் நடக்கிறது. 2015 அக்டோபர் 1 அன்று அமெரிக்கா ஐ.சி.டி.-10 குறியீட்டுக்கு மாறியபோது நோய்க் குறியீடுகள் சுமார் 14,000-இல் இருந்து ஏறக்குறைய 68,000-க்குத் தாவின. திருச்சியிலும் கோவையிலும் பயாலஜி படித்த பிள்ளைகள் மெடிக்கல் கோடிங் வகுப்புக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அங்கே இருந்து பார்த்தால் தெரிவது கிளெயிம், படுக்கை தெரியாது. இந்தியாவுக்கே மென்பொருள் செய்வது என்றால் அது வேறு ஆட்டம். 2021 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனில் 14 இலக்க அடையாள எண் இருக்கிறது, க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து ஓ.பி. டோக்கன் வாங்கும் வசதி இருக்கிறது. காலை எட்டு மணிக்கே வரிசை வாசலுக்கு வெளியே போகும் ஓ.பி.யில் ஆறு திரை மாற்றச் சொல்லும் அமெரிக்க மென்பொருள் ஒரு மணி நேரம்கூட நிற்காது. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

மருத்துவமனைக்குள்ளேயே

ஐந்தாவது, நண்பர் எக்செலில் கடைசி வரியில் சாம்பல் நிறத்தில் போட்டு வைத்திருந்தது: ஒரு மருத்துவமனைக் குழுமத்தில் தகவல் தொழில்நுட்ப இணைத் தலைவர். சம்பளம் இப்போது வாங்குவதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. ஸ்டாக் கிடையாது. பதவிப் பெயரும் ஒரு படி கீழே.

கஷ்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே நீங்கள் செலவுக் கணக்கு, வருமானக் கணக்கு இல்லை. புதுசாக எதையும் எழுத மாட்டீர்கள். வாங்கியதை ஓட வைப்பதுதான் வேலை. அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் பிரின்டர் வேலை செய்யவில்லை என்று உங்கள் செல்லுக்கே கூப்பிடுவார். பாதுகாப்பு விஷயத்தில் தூக்கம் போகும். 2024 பிப்ரவரியில், மருத்துவக் காப்பீட்டுக் கிளெயிம்களைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்தின் மீது நடந்த ரான்சம்வேர் (கம்ப்யூட்டரை முடக்கிப் பணம் கேட்கும்) தாக்குதலில் நாடு முழுக்கக் கிளெயிம்கள் நின்றன. மருந்துக் கடைகள் தடுமாறின. ஏறக்குறைய 19 கோடிப் பேரின் தகவல்கள் பாதிக்கப்பட்டன. 2.2 கோடி டாலர் பணயத் தொகையும் கட்டினார்கள். உள்ளே நுழைந்த வழி, இரட்டைச் சரிபார்ப்பு இல்லாத ஒரு ரிமோட் லாகின். அந்த மாதிரி லாகின் எத்தனை உங்கள் மருத்துவமனையில் இருக்கிறது என்பதைச் சேர்ந்த முதல் வாரம் தேட ஆரம்பிப்பீர்கள். எப்போது முடிப்பீர்கள் என்பது வேறு விஷயம்.

ஆனால் வயர் குட்டை என்பது இங்கே அன்று மத்தியானமே தெரிந்துவிடும். லிஃப்டில் நர்ஸைப் பார்ப்பீர்கள். கேன்டீன் வரிசையில் ரெசிடென்ட் டாக்டர் புலம்புவார். 2016-இல் வெளிவந்த ஒரு ஆய்வு, டாக்டர்கள் நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் பதிவேட்டிலும் மேஜை வேலையிலும் போகிறது என்று சொன்னது. அதைப் படிப்பது ஒன்று, இரவு ஒன்பது மணிக்கு ஓ.பி. அறையில் ஒற்றை விளக்கின் கீழ் ஒரு டாக்டர் தட்டச்சு செய்துகொண்டிருப்பதைக் கடந்து போவது இன்னொன்று.

அப்புறம், நண்பர் கவனிக்காத ஒன்று. அந்த வேலை விவரத்தை முழுசாக அனுப்பச் சொல்லிப் படித்தேன். மூன்றாவது பக்கத்தில், அவர் பொறுப்பில் வரும் பிரிவுகளில் ஒன்று சரக்குச் சங்கிலி: மருந்து இருப்பு, அறுவை சிகிச்சைப் பொருட்கள், பரிசோதனை மாதிரிகளை ஊர் ஊராக எடுத்துப் போகும் வண்டிகள். அவர் அலுத்துப் போன அதே லாரி! டுல்மன் உள்ளே வந்ததும் இந்தச் சரக்குக் கதவு வழியாகத்தான். நம் ஊரில் 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும் இதையேதான் பிடித்துக்கொண்டது. மருந்தை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, இருப்பைக் கம்ப்யூட்டரில் கவனித்து... மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்ட ஏற்பாடு அது. பளபளப்பு இல்லாத வேலை, ஆனால் மாத்திரை இருக்கிறதா இல்லையா என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

46 வயதில் ஒரு துறைக்குப் புதுசாகப் போகிறவர், முதல் நாளில் இருந்தே எல்லாவற்றுக்கும் மாணவனாக இருந்தால் மரியாதை கிடைக்காது. எல்லாம் தெரிந்தவராக நடித்தால் அதைவிட மோசம். பாதி வேலையில் குருவாகவும் பாதியில் மாணவனாகவும் இருக்கும் இடம் இந்த ஐந்தில் இது ஒன்றுதான். மூன்று வருடம் இருந்துவிட்டு அந்த ஸ்டார்ட்அப்போ அதைப் போல இன்னொன்றோ போகலாம். அப்போது அந்த நாற்பது பேரில் வயரை அளந்தவர் என்று ஒருவராவது இருப்பார்.

இதற்கு எதிராக ஒரே ஒரு வாதம் எனக்குப் படுகிறது, அது சின்ன வாதமும் இல்லை. மூத்த பெண்ணுக்கு அடுத்த வருடம் காலேஜ். கால் பங்கு சம்பளம் குறைவது அந்த நேரத்தில் நன்றாகவே வலிக்கும். அப்படியென்றால் பதிவேட்டு நிறுவனத்தை எடுக்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை போட்டு: மாதத்துக்கு இரண்டு நாள் வாடிக்கையாளர் மருத்துவமனையில், மீட்டிங் அறையில் இல்லை, வார்டில். இதை வேலைக் கடிதத்திலேயே எழுதி வாங்க வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னால் முதல் காலாண்டு நெருக்கடியிலேயே காணாமல் போகும், எனக்குப் போயிருக்கிறது.

எல்லாம் படித்துவிட்டு நண்பர் சாம்பல் வரியைப் பச்சையாக்கி எக்செலைத் திருப்பி அனுப்பினார். மருத்துவமனையில் ஒரு இரவு ஷிப்டைக் கூட இருந்து பார்க்க அனுமதி கேட்டிருக்கிறாராம். லேப்டாப் வேண்டாம், நல்ல ஷூவும் ஒரு இஞ்ச் டேப்பும் போதும் என்று எழுதினேன். சம்பளம் இவ்வளவுதான் என்று ஹெச்.ஆர். இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. சொன்னதும் கூப்பிடுகிறேன் என்றிருக்கிறார்.